மினுங்கும் எண்

படம் இருக்கிறது. இருக்கிறது. இன்னும் இருக்கிறது. ரெக்ஸன் அண்ணன் இன்ஜின் கைப்பிடியை முறுக்க முறுக்க வள்ளத்தின் முன்பக்கம் தூக்குகிறது, தண்ணீர் இரண்டு பக்கமும் கிழிந்து போகிறது, திரையில் கடலின் தரை தடித்த சிவப்புக் கோடாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சரியாகிவிட்டது, நானேதான் சரிசெய்தேன் என்று நினைத்து முடிப்பதற்குள் கோடு பிய்கிறது, புள்ளிபுள்ளியாகிறது, இல்லை. வெறும் நீலம். "போச்சா?" என்று பின்னாலிருந்து கத்துகிறார். போச்சு என்று சொல்ல வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே வருகிறது, அதனால் தலையை மட்டும் ஆட்டுகிறேன், அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாரா இல்லை என்று எடுத்துக்கொண்டாரா தெரியவில்லை, என் தலையாட்டலே அப்படித்தான், அம்மாகூட கேட்பாள், ராசா நீ ஆமாங்கியா இல்லங்கியா என்று. வேகம் குறைகிறது. வள்ளம் உட்காருகிறது. உடனே படம் திரும்ப வருகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி, தரை, தரைக்கு மேல் ஏதோ இரண்டு மீன், மேல் மூலையில் பெரிய எழுத்தில் ஆழம். இதுதான் கோளாறு. நின்றால் வேலை செய்கிறது, மெதுவாகப் போனால் வேலை செய்கிறது, ஓடினால் குருடாகிவிடுகிறது. இதற்கு எக்கோ என்று பெயர். வள்ளத்தின் பின்பலகையில் அடிப்பக்கம் மாட்டியிருக்கிற சென்சார் தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும், சத்தம் தரையில் பட்டுத் திரும்பும், திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். இவ்வளவுதான். எலெக்ட்ரானிக்ஸில் பட்டம் வாங்கிய ஒருவன் இதைச் சரிசெய்ய வேண்டும். அந்த ஒருவன் உப்பளத்து வீட்டில் பிறந்தவன், கடல் தண்ணீரைப் பாத்தி கட்டித்தான் பார்த்திருக்கிறான், முழங்காலுக்கு மேல் அது ஏறியதே இல்லை, நீச்சல் தெரியாது, இதை எக்கோ விற்று அவனை இங்கே அனுப்பிய கடை முதலாளியிடம் சொல்லவும் இல்லை. அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேருமா சேராதா.

"என்ன இன்ஜினியர் சார், மிஷின்ட்ட கோவமா பேசிப் பாத்தியளா?" என்று முன்னாலிருந்து டென்சிங் கேட்கிறான். டென்சிங் இந்த வள்ளத்தில் தொழிலுக்கு வருகிறவன், ரெக்ஸன் அண்ணனுக்குக் கூட்டாளி, நான் கரையில் வந்து இறங்கியதிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறான், ஆனால் கெட்டவன் இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் வள்ளத்தில் ஏறும்போது என் கையைப் பிடித்தவன் அவன்தான், பிடித்துக்கொண்டே காதருகில் சொன்னவனும் அவன்தான். "சார், இது வெறும் மிஷின் ரிப்பேருன்னு நெனச்சிராதீங்க. இதுல ஒரு குடும்பம் ரெண்டா நிக்கி." வள்ளம் ரெக்ஸனுடைய அண்ணன் மிக்கேலுடையது. போன மாதம் விடிகிறதுக்கு முன்னால் மீன் பிடித்துவிட்டு வரும்போது ரெக்ஸன்தான் பின்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார், மிக்கேல் முன்னால் நின்றிருக்கிறார், வள்ளம் பாரில் போய் ஏறிவிட்டது. பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத்திட்டு, தெரியாதவன்தான் அதில் கொண்டுபோய் விடுவான். மிக்கேல் தூக்கி எறியப்பட்டு ஐஸ்பெட்டியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, இப்போது கம்பி வைத்து வீட்டில் கிடக்கிறார். ரெக்ஸன் தூங்கிவிட்டான் என்று மிக்கேல் சொல்கிறார். தூங்கவில்லை, எக்கோவைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், ஆறு பாகம் ஆழம் காட்டியது என்று ரெக்ஸன் சொல்கிறார். பாரின் மேல் ஆறு பாகம் தண்ணீர் எப்படி இருக்கும், ஆறு பாகத்தில் இரண்டு மாடி வீடு மூழ்கிவிடுமே. அதனால் அவர் சொல்வது பொய். ஒரே முற்றத்தில் இரண்டு வீடு, தம்பி அண்ணன் வீட்டுப் படி ஏறி ஒரு மாதம் ஆகிறது. "தூங்குனானா தூங்கலையான்னு மாதாவுக்குத்தான் தெரியும்," என்று சொல்லி என் கையை விட்டான் டென்சிங். எனக்கு எதற்கு இதைச் சொன்னான். நான் ஒரு சென்சாரைக் கழற்றி மாட்ட வந்தவன்.

ஒவ்வொன்றாகப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது, லேப்பில் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. முதலில் நின்ற இடத்திலேயே கியரில் போடாமல் இன்ஜினை முறுக்கச் சொன்னேன். இன்ஜின் அலறியது, படம் போகவில்லை. அப்படியென்றால் இன்ஜினிலிருந்து வயர் வழியாக வருகிற இரைச்சல் இல்லை. கரண்டு கோளாறு இல்லை. இது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் பயமாகத்தான் இருந்தது, ஏனென்றால் கரண்டு என்றால் எனக்குத் தெரியும், கரண்டு இல்லை என்றால் மிச்சம் இருப்பது தண்ணீர். வள்ளம் வேகமாகப் போகும்போது அடியில் நுரை உண்டாகிறது, காற்றுக் குமிழி, அது சென்சாரின் முகத்தை மூடிவிட்டால் சத்தம் காற்றைத் தாண்டாது. அப்படித்தான் இருக்க வேண்டும். சென்சாருக்கு நேர் முன்னால் வள்ளத்தின் வயிற்றில் நீளமாக ஒரு மேடு ஓடுகிறது, அதிலிருந்து நுரை கிளம்பலாம். அல்லது சென்சார் உயரமாக இருக்கலாம். அல்லது சாய்ந்திருக்கலாம். கரையில் வைத்து ஒரு விரற்கடை கீழே இறக்கினேன், அதில் கொஞ்சம் சாய்வும் மாறிப்போனது, ஒரு நேரத்தில் ஒன்று என்பது அங்கேயே போயிற்று. இப்போது முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம் வரை படம் நிற்கிறது. எதனால் நிற்கிறது? கீழே இறக்கியதாலா, சாய்ந்ததாலா, கடல் இப்போது அமைதியாக இருப்பதாலா, நான் அப்படி நினைப்பதாலா. காலேஜ் வைவாவில் அந்த வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார், யெஸ்ஸா நோவா, ஒரு வார்த்தையில் சொல்லப்பா. இருக்கலாம் சார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி என்ன என்று மறந்துவிட்டது, சிரிப்பு மறக்கவில்லை. ஆனால் அது இருக்கலாம்தான். இரண்டு விதமாகவும் இருக்க முடிகிற ஒன்றை ஒரு விதமாகச் சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை, அப்பா உப்பளத்தில் கங்காணி கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாங்கய்யா என்று சொல்லிச் சொல்லியே முதுகு வளைந்தவர், நான் படித்ததே அந்த ஆமாங்கய்யாவிலிருந்து தப்பிக்கத்தானோ என்னவோ, தப்பித்து வந்து நின்ற இடம் இருக்கலாம். வயிறு புரட்டுகிறது. டீசல் வாடையா, பெட்ரோல் வாடையா, காலையில் தின்ற பூரியா. திரையைப் பார்க்காதே, தூரத்தில் கரையைப் பார், பார்த்தால் சரியாகும் என்றான் டென்சிங். திரையைப் பார்ப்பதுதான் என் வேலை.

"இன்னொருக்கா போவோமாண்ணே," என்கிறேன். குரல் சின்னதாக வருகிறது. ரெக்ஸன் அண்ணன் முறுக்குகிறார். இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, அல்லது ஒரு மாதமாகப் பேசாதவர். முன்பக்கம் தூக்குகிறது. படம் இருக்கிறது, இருக்கிறது, பிய்கிறது, போயிற்று. ஆனால் இந்த முறை நான் படத்தைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாந்தி வந்துவிடாமல் இருக்க ஏதாவது ஒரு அசையாத இடத்தைப் பார்க்கலாம் என்று, அந்த மூலையில்தான் ஆழம் இருக்கிறது, படம் போன பிறகும் அது போகவில்லை. ஏழு. படம் இல்லை, தரை இல்லை, மீன் இல்லை, ஏழு மட்டும் இருக்கிறது. அணைந்து எரிகிறது, அணைந்து எரிகிறது. முந்தைய ஓட்டங்களிலும் இப்படித்தான் இருந்ததா? இருந்திருக்கும். நான் படத்தையே பார்த்து ஏமாந்துகொண்டிருந்தேன். "அண்ணே, இது ஏன் மினுங்குது?" "எது?" "நம்பர்." "அது எப்பவும் ஸ்பீடு எடுத்தா அப்படித்தான்," என்கிறார், "மினுங்குனா மிஷினு உசுரோட இருக்குன்னு அர்த்தம்." டென்சிங் திரும்பிப் பார்க்கிறான். "கண்ணடிக்கி சார். நல்லா இருக்கேன், நீ போன்னு சொல்லுது." இருவருக்கும் அதில் சந்தேகமே இல்லை. எனக்கும் அப்படித்தானே தோன்றியிருக்கும், வீட்டில் டிவி பெட்டியின் பச்சை விளக்கு மினுங்கினால் சிக்னல் வருகிறது, நின்று எரிந்தால் போயிற்று, போன் சார்ஜரும் மினுங்கினால்தான் ஏறுகிறது, மினுங்குவது உயிர், நாடித் துடிப்பு மாதிரி. ஆனால் இது வெறும் ஏழு. ஏழிலேயே நிற்கிற ஏழு. நாம் இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறோம், கடலுக்கு அடி என்ன சிமெண்டு தரையா, ஒரு ஏழரை, ஒரு ஆறே முக்கால் வராதா? படமே வராதபோது எண் எங்கிருந்து வருகிறது?

எங்கோ படித்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது போனில் இந்த மிஷினின் விளக்கப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், ஆங்கிலம், பொடி எழுத்து, தரை கிடைக்காதபோது கடைசியாகக் கிடைத்த ஆழத்தை மினுங்கவிட்டுக் காட்டும் என்று ஒரு வரி. இந்த மிஷினுக்கா, பக்கத்தில் இருந்த வேறு மாடலுக்கா? இப்போது போனில் சிக்னல் இல்லை. ஆழம் குறைந்தாலும் மினுங்கும், அது எச்சரிக்கை. பேட்டரி இறங்கினாலும் சில மிஷினில் மினுங்கும். மூன்று அர்த்தம், ஒரே மினுக்கம். சரி, அளவையாவது பார்க்கலாம், ஒருவேளை அடிக் கணக்கில் வைத்திருந்தால், ஆறு அடி என்று அது சொன்னதை இவர் ஆறு பாகம் என்று எடுத்திருந்தால், பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், கடலில் எல்லோருக்கும் அந்தக் கணக்குத்தான், அப்படியென்றால் கதையே வேறு. செட்டிங்கைத் திறக்கிறேன், விரல் ஈரம், திரை கேட்கவில்லை, சட்டையில் துடைத்தால் சட்டையும் ஈரம். திறந்துவிட்டது. பாகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நல்லவேளை. நல்லவேளையா? ஆறு என்றால் ஆறு பாகம்தான். அன்றைக்கு அவர் பார்த்த ஆறும் மினுங்கியிருந்தால், அது பாரின் ஆழம் இல்லை, பாருக்கு வருவதற்கு வெகுதூரம் முன்னால், நுரை சென்சாரை மூடுவதற்கு முன்னால் கிடைத்த கடைசி ஆழம். பழைய ஆறு. இவர் தூங்காமல், கண்ணை மூடாமல், அந்தப் பழைய ஆறையே பார்த்துக்கொண்டு நேராகப் பாறையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.  இதை இப்போது சொல்ல வேண்டுமா? சொல்லாமல் சென்சாரை மாற்றி மாட்டிவிட்டுப் போய்விடலாம், மேட்டைவிட்டு ஒரு சாண் தள்ளி மாட்டினால் அநேகமாகச் சரியாகும், கடையில் கேட்டது அவ்வளவுதான். சொன்னால் கடைக்குக் கெட்ட பெயர், மினுங்கினால் பழைய ஆழம் என்று விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், முதலாளி என்னைத்தான் பார்ப்பார். சொல்லி, அது தவறாக இருந்துவிட்டால்? ஒரு மனிதனுக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்ததாகாதா?

"அண்ணே." அவர் பார்க்கிறார். "அன்னைக்கு... ஆறு பாத்தீங்கள்ல. அந்த ஆறு மினுங்கிச்சா?" இன்ஜின் மெதுவாகிறது. டென்சிங் முன்னால் எழுந்து நிற்கிறான். ரெக்ஸன் அண்ணன் தலையாட்டுகிறார். "மினுங்கிச்சு. அதான் நம்புனேன்." நான் சொல்லிவிடுகிறேன், சொல்லும்போதே சுற்றி வளைக்கிறேன், வந்து, படம் இல்லாதப்ப, அந்த நம்பர், பழைய நம்பரா, கடைசியா கிடைச்ச நம்பரா, இருக்கலாம். "இருக்கலாம்னா?" "அப்படித்தான் நெனைக்கிறேன். உறுதியா தெரியலண்ணே. புக்ல படிச்சேன், இதே மிஷினான்னு..." "இருக்கலாங்கிறத வச்சி நான் என்னல செய்ய?" என்கிறார், திட்டவில்லை, நிஜமாகவே கேட்கிறார், கையில் ஏதோ ஒரு சாமானைக் கொடுத்துவிட்டு அது எதற்கு என்று சொல்லாமல் போகிறவனைக் கேட்கிற மாதிரி. "எங்க வீட்ல இருக்கலாம் எடுபடாது. ஆமாவா, இல்லையா?" யெஸ்ஸா, நோவா. அதே கேள்வி, இங்கே சிரிக்க யாரும் இல்லை. தெரியவில்லை என்கிறேன்.  அவர் இன்ஜினைத் திருப்புகிறார். "ஏல ரெக்ஸா, எங்க போற?" என்கிறான் டென்சிங். "பாருக்கு." "மெண்டலால நீ? ஒரு காலு போனது பத்தாதா?" "அன்னைக்கு ஏறுன தலைப்பக்கம் போவலல, வடக்க போறேன். அங்க ரெண்டு பாகம் கெடக்கும், வள்ளம் தட்டாது. பட்டப்பகல்ல தரை தெரியும்." "எனக்கு நீந்தத் தெரியும், மக்கா. சாருக்குத் தெரியுமான்னு கேட்டியா?" இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். இப்போது கேட்டுவிட்டார்கள். "தெரியாது," என்கிறேன். "ஆனா போவோம்."

ஏன் சொன்னேன் போவோம் என்று? வாய் சொன்னது. வள்ளம் தூக்குகிறது, இதுவரை போகாத வேகம், என் இரண்டு கையும் பலகையைப் பிடித்திருக்கின்றன, படம் எடுக்க வேண்டும், போனை எடுத்துத் திரையை வீடியோ எடுக்க வேண்டும், கையை விட்டால் விழுந்துவிடுவேன், எடுக்கவில்லை. கோடு பிய்கிறது. நீலம். ஏழு. அணைந்து எரிகிறது. ஏழு. இதுவரை தண்ணீர் கருநீலம். "அந்தா பாரு, கலரு மாறுது!" என்று டென்சிங் கத்துகிறான். முன்னால் கடல் நடுவில் ஒரு பச்சை, யாரோ அடியிலிருந்து விளக்குப் போட்ட மாதிரி. ஏழு. அது எங்களை நோக்கி வருகிறது, இல்லை நாங்கள்தான் போகிறோம், பச்சை இளம்பச்சையாகிறது, பச்சைக்குள் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள், ஏழு, எண்ணையும் பார்க்கிறேன் தண்ணீரையும் பார்க்கிறேன், ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியவில்லை, எண்ணைப் பார்த்தால் ஆழமாக இருக்கிறோம், தண்ணீரைப் பார்த்தால் ஆழம் இல்லை, எண்ணைப் பார்த்தால் பயம் போகிறது, அதுதான் எனக்குப் புரியவே இல்லை, இது பொய்யாக இருக்கும் என்று சொன்னவன் நான், எனக்கே அந்த ஏழைப் பார்த்தால் பயம் போகிறது. இருட்டில், பச்சை தெரியாத இருட்டில், இது ஒன்று மட்டும் வெளிச்சமாக இருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். அடியில் ஒரு பாறையின் முதுகு, பாசி, மீன் கூட்டம் ஒன்று சிதறுகிறது, மிஷின் இல்லாமல் மீனைப் பார்க்கிறேன். ஏழு. "போதும்ல!" என்று டென்சிங். ரெக்ஸன் அண்ணன் கைப்பிடியைத் தளர்த்துகிறார். வள்ளம் சட்டென்று உட்கார, நான் முன்னால் போய் முழங்காலில் விழுகிறேன், பின்னால் வந்த எங்கள் அலையே எங்களைத் தூக்கி இறக்குகிறது. எண் மினுங்குவதை நிறுத்துகிறது. சிவப்புக் கோடு வருகிறது, மேலே, திரையின் மேல் பக்கத்தில், மிகப் பக்கத்தில். இரண்டு.

 டென்சிங் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், சிலுவை போட்டுக்கொள்கிறான். ரெக்ஸன் அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்," என்கிறார் கடைசியில், "ஆனா நானே யோசிச்சிட்டேன் தம்பி. எல்லாரும் சொல்லச் சொல்ல, கண்ண மூடியிருப்பேனோன்னு. தூக்கத்துல ஆறு பாத்தேனோன்னு." பிறகு, "வீட்டுக்கு வந்து சொல்லுவியா?" என்கிறார். சென்சாரை மேட்டிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும், அது இன்னும் ஆகவில்லை, நான் வந்த வேலை முடியவில்லை. சரிண்ணே என்கிறேன். கரைக்கு வரும்வரை மெதுவாகவே வருகிறோம். வழியெல்லாம் நான் என்ன சொல்வது என்று கட்டிக்கட்டிக் கலைக்கிறேன். அவர் தூங்கவில்லை என்று சொல்ல முடியாது, நான் அங்கே இல்லை. எண் பழையதாகவும் இருந்து ஆளும் தூங்கியிருக்கலாமே, இரண்டும் நடக்கலாமே, இதை நினைக்கிற என் மனதை என்ன செய்வது. மிஷின்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது, அன்றைக்கு இதேதான் நடந்தது என்பதற்கு இன்றைக்கு நடந்தது சாட்சி ஆகுமா. ஆனால் அவர் சொன்னது பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்லவும் இனி இடமில்லை. இதைப் போய்ச் சொன்னால் யாருக்குப் புரியும், எனக்கே திரும்பச் சொல்லிப் பார்த்தால்தான் புரிகிறது.

முற்றத்தில் வலை காய்கிறது. ரெக்ஸன் அண்ணன் வேப்பமரத்தோடு நின்றுவிடுகிறார், நீ போ என்று கையைக் காட்டுகிறார். வாசலில் மிக்கேலின் மனைவி கிளாரா அக்கா, என் நனைந்த சட்டையைப் பார்க்கிறாள், எனக்குப் பின்னால் பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல். "எக்கோ பாக்க வந்த பையன்." "வரச் சொல்லு." கட்டிலில் பெரிய ஆள், கால் தலையணை மேல் நீட்டிக் கிடக்கிறது, தாடி வளர்ந்திருக்கிறது. "சரியாயிட்டா?" என்று கேட்கிறார். "இல்லண்ணே, இன்னும் சரியாகல." "பொறவு எதுக்கு வந்த?" கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. இருக்கலாம் வருகிறது, அதை விழுங்குகிறேன். நான் பார்க்காதது நிறைய இருக்கிறது. பார்த்தது என்ன, அதை மட்டும் எடு, அதை மட்டும் வை. "பாருக்குப் போயிட்டு வந்தோம்ண்ணே. ஓடுறப்ப நான் எக்கோவப் பாத்துட்டேதான் வந்தேன். ஏழு பாகம்னு காட்டிச்சு. மினுங்கிட்டே ஏழு. நிப்பாட்டுனா ரெண்டுதான் இருந்துச்சு."  கிளாரா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நான் ஏழுதான் பாத்தேன்," என்கிறேன், ஏற்கெனவே சொன்னதைத்தான் மறுபடி சொல்கிறேன், வேறு எதுவும் என்னிடம் இல்லை, "முழிச்சிட்டுத்தான் பாத்தேன்." அவர் கண்ணை மூடுகிறார், வலியாக இருக்குமோ, நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனோ, விற்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்பாரோ, கேட்டால் என்ன சொல்வது. கண்ணைத் திறக்காமலே பேசுகிறார். "அவன உள்ள வரச் சொல்லு." எனக்குப் புரியவில்லை, நான் உள்ளேதானே நிற்கிறேன், இன்னும் எங்கே வர வேண்டும் என்று ஒரு அடி கட்டில் பக்கம் எடுத்து வைக்கிறேன், அதற்குள் கிளாரா அக்கா என்னைத் தாண்டி வாசலுக்குப் போயிருக்கிறாள்.